சுத்தக் கிரயம்

"படம் வராதுக்கா" என்றான் ஆரோக்கியராஜ்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றான். லால்குடி கடைத்தெருவில் ஸ்டூடியோவும் ஃப்ளெக்ஸ் கடையும் சேர்த்து வைத்திருப்பவன். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் ஊரில் எல்லோருடைய முகமும் அவன் மெஷினுக்குள் போய்த்தான் வெளியே வரும். அப்படிப்பட்டவன் படம் வராது என்றால் என்ன அர்த்தம்?

"மெஷின் ரிப்பேரா?"

"மெஷினுக்கு ஒண்ணுமில்லக்கா. மத்த படமெல்லாம் நல்லாத்தான் வருது. அண்ணன் படம் மட்டும்..." என்று இழுத்தவன், சுருட்டி அக்குளில் இடுக்கியிருந்த தாளை விரித்துக் காட்டினான்.

என் வீட்டுக்காரருடைய சட்டை இருந்தது. பாக்கெட்டில் செருகிய பேனா இருந்தது. பின்னால் எங்கள் வீட்டுச் செம்பருத்தி இலை இலையாக இருந்தது. கழுத்துக்கு மேலே வெறும் சாம்பல் நிறம்.

பார்த்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இவர் போனதிலிருந்தே அப்படித்தான் இருக்கிறது. துக்கம் கேட்க வருகிறவர்கள் என் முகத்தையே பார்க்கிறார்கள். "அழுதுடு பூங்கோதை, உள்ளயே வச்சுக்காத" என்கிறார்கள். உள்ளே இருந்தால்தானே வைத்துக்கொள்ள? தபால் ஆபீஸில் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்த காலத்தில் மத்தியானத்துக்கு மேல் ஒரு நேரம் வரும். கை பாட்டுக்கு முத்திரை குத்திக்கொண்டிருக்கும், மனசு எங்கேயும் இருக்காது. அந்த நேரம் வந்து உட்கார்ந்துவிட்டு எழுந்து போகவே மாட்டேன் என்கிறது.

இவர் பெயர் செங்குட்டுவன். எழுதுவதற்கு எனக்குக் கூச்சமில்லை, விண்ணப்பப் பாரங்களில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். வாயால் சொன்னதில்லை, அவ்வளவுதான். எங்களுடையது சுயமரியாதைக் கல்யாணம். தாலி கிடையாது, ஐயர் கிடையாது. மாலை மாற்றிக்கொண்டு கீழே இறங்கியதுமே, "என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடணும், தெரிஞ்சுதா?" என்றார். எனக்கு வரவில்லை. வீட்டில் "இந்தாங்க", "உங்களத்தான்". வெளியில் "எங்க வீட்டுக்காரரு". "வீடு உன் பேர்லதானே இருக்கு, அப்ப நீதான் வீட்டுக்காரி, நான் சும்மா குடியிருக்கிறவன்" என்று கிண்டல் பண்ணுவார். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுகூட, "ஒரு தடவை சொல்லிடேன், கேட்டுட்டுப் போறேன்" என்று கண்ணடித்தார். நர்ஸ் பக்கத்தில் நின்றாள். "சும்மா இருங்க" என்றேன்.

கடவுள் இல்லை, சொர்க்கம் இல்லை, மறுபிறவி இல்லை என்று வாழ்ந்த மனிதர். செத்தால் சடங்கு எதுவும் கூடாது என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். "காரியம், கருமாதி, மொட்டை, ஒண்ணும் வேணாம். படத்தைத் திறங்க. நாலு பேரு நாலு வார்த்தை பேசுங்க. எல்லாருக்கும் டீயும் பக்கோடாவும் குடுங்க. முடிஞ்சுது" என்பார். இவர்கள் கூட்டத்தில் அதுதான் வழக்கம். இறந்தவர் படத்தைத் துணியால் மூடிவைத்திருப்பார்கள், வயதில் மூத்த தோழர் ஒருவர் துணியை இழுப்பார், படத்துக்கு மாலை விழும். மற்ற வீடுகளில் பதினாறு நாள் செய்வதையெல்லாம் இங்கே அந்த ஒரு இழுப்பில் முடித்துவிடுவார்கள். இவரே எத்தனையோ வீட்டுப் படத்திறப்பில் தொண்டை கட்டப் பேசியிருக்கிறார்.

இவருடைய படத்திறப்பு வருகிற ஞாயிற்றுக்கிழமை. சமுதாயக் கூடம் பிடித்தாகிவிட்டது. பக்கோடாவுக்குச் சொல்லியாகிவிட்டது. படம்தான் இல்லை.

"அம்மா" என்று உள்ளேயிருந்து வந்தாள் என் மகள் நன்முல்லை. பெங்களூரில் வேலை பார்க்கிறவள், அப்பாவுக்காக வந்திருந்தாள். கையில் போனை நீட்டிப் பிடித்திருந்தாள். "என் போன்ல அப்பா படமெல்லாம் போயிடுச்சும்மா. ஒண்ணுல கூட மூஞ்சி இல்ல. காலைல இருந்துச்சு. நகராட்சி சைட்ல இறப்பைப் பதிஞ்சேன், ஓகேன்னு வந்துச்சு, வந்து பாத்தா எல்லாம் சாம்பல்."

ஆரோக்கியராஜ் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். தாளை மெதுவாகச் சுருட்டினான்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. அண்ணன் மூஞ்சிய வித்திருந்தாரா?"

*

அன்று சாயங்காலம் தோழர் மாவளவன் வந்தார். எண்பதைத் தாண்டியவர், ஞாயிற்றுக்கிழமை துணியை இழுக்கப்போகிறவர் அவர்தான். கண்ணில் புரை, கையில் பட்டன் போன். அவருக்குப் புரியவைப்பதற்குள் நன்முல்லைக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

"மூஞ்சிய விக்கிறதா? என்னம்மா உளர்ற?"

"அய்யா, பொய் வீடியோ வந்துச்சே, ஞாபகம் இருக்கா? எவன் மூஞ்சியயோ எடுத்து எவன் உடம்புலயோ ஒட்டி, அவன் பேசாததையெல்லாம் பேசவிட்டு, பேங்க்லேர்ந்து பணத்தையே எடுத்தானுங்க."

"ஆமா, நம்ம குணசீலனையே ஏமாத்திட்டானுங்களே."

"அதுக்கப்புறம்தான் சட்டம் வந்துச்சு. அவங்கவங்க மூஞ்சி அவங்கவங்க சொத்து. பதிஞ்சு வச்சுக்கலாம், நிலத்துக்குப் பட்டா மாதிரி. இப்ப போனோ டிவியோ பிரிண்டரோ, எது ஒரு மூஞ்சியக் காட்டுறதுன்னாலும் முதல்ல பதிவேட்டைப் பாக்கும். உரிமை இருந்தா காட்டும். இல்லாட்டி சாம்பல்."

"நல்ல சட்டம்தானேம்மா?"

"நல்ல சட்டம்தான். ஆனா சொத்துன்னு ஆகிட்டா விக்கலாம்ல?"

மாவளவன் டீ டம்ளரைக் குடிக்காமலே கீழே வைத்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். டீ ஆறுகிறதே என்றுதான் தோன்றியது.

*

எப்படி விற்றார் என்பதைச் சொல்ல வேண்டுமானால் மாத்திரை அட்டையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நான் ஓய்வு பெற்ற வருடம் நன்முல்லை எனக்கு நல்ல கேமரா உள்ள போன் ஒன்று வாங்கித் தந்தாள். "சும்மா இருக்காம படம் எடும்மா, ஆன்லைன்ல வித்தா கைச்செலவுக்கு ஆகும்" என்றாள். படம் விற்கிற தளம் ஒன்றில் என்னைச் சேர்த்தும் விட்டாள். உலகத்தில் எங்கேயோ ஒரு பத்திரிகைக்கோ மருந்துக் கம்பெனிக்கோ ஒரு படம் தேவைப்படுமாம். தேடுவார்களாம், காசு கட்டி இறக்கிக்கொள்வார்களாம், எடுத்தவருக்கு அதில் ஒரு பங்கு. நான் கொள்ளிடத்தில் சூரியன் மறைவதை எடுத்துப் போட்டேன். கோபுரத்தை எடுத்தேன், வாழைப்பூவை எடுத்தேன். ஒரு நாய்கூடச் சீண்டவில்லை. "இதுபோன்ற படங்கள் நிறைய உள்ளன" என்று தளத்துக்காரன் திருப்பி அனுப்பினான்.

ஒருநாள் காலையில் இவர் ரத்த அழுத்த மாத்திரை அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காலாவதி தேதி எங்கே இருக்கிறது என்று அதை முறைத்துக்கொண்டிருந்தார். திருடனை விசாரிக்கிற மாதிரி ஒரு முறைப்பு. எடுத்தேன், போட்டேன். அந்த வாரமே வாங்கினார்கள். போலந்தில் வாங்கினார்கள், பிரேசிலில் வாங்கினார்கள். அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. சூரியன் எல்லா ஊரிலும் மறைகிறது. மாத்திரை அட்டையை இப்படி முறைக்கிற கிழவர் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார்.

அதற்குப் பிறகு இவருக்கு ஓய்வே இல்லை. மின்வாரியத்தில் நாற்காலி தேய்த்த மனிதர், தலையில் துண்டைக் கட்டி, பக்கத்து வயலில் நின்று வானத்தைப் பார்த்தார். பயிர்க் காப்பீட்டு ஆன்லைன் விளம்பரத்தில் வந்துவிட்டார். சேற்றில் காலை வைத்ததற்கு வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் திட்டினார். நான் படத்துக்குத் தேடுசொல் போடும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார்.

"'அழகான'னு போடு."

"'முதியவர்'னுதான் தேடுவாங்க."

"'அழகான முதியவர்'னு போடேன். உனக்கென்ன நஷ்டம்?"

எல்லாவற்றையும்விட அதிகம் விற்றது குடைப் படம். மழையே இல்லாத பங்குனி மாசம். செம்பருத்திப் பக்கத்தில் குடையோடு இவரை நிற்கவைத்து, ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு மறு கையில் தோட்டக் குழாயைத் தூக்கிப் பிடித்தேன். தண்ணீர் குடை மேல் விழாமல் இவர் காதுக்குள் போனது. அந்த நேரம் பார்த்து எடுத்தேன். இடது புருவம் ஏறியிருக்கும், உதட்டில் சிரிப்பு நிற்கும், "நிறுத்துடி" என்ற வார்த்தை வாய்க்குள்ளேயே இருக்கும். அந்த முகத்தில்தான் எங்களுக்கு வினை வந்தது.

போன தை மாசம் தளத்திலிருந்து ஷெரின் என்று ஒரு பெண் வீடியோவில் கூப்பிட்டாள். சின்னப் பெண், நல்ல பெண்.

"அங்கிள், குடைப் படத்துல இருக்கிற முகத்தை ஒரு கம்பெனி கேக்குறாங்க. படத்தை இல்ல, முகத்தையே."

"மூஞ்சிய மெஷினே செய்யுதாமே, என் மூஞ்சி எதுக்கு?" என்றார் இவர்.

"மெஷின் செஞ்ச முகம்னா 'இது நிஜமில்லை'ன்னு நெத்தியில எழுதணும் அங்கிள், அதான் சட்டம். எழுதுனா ஜனங்க நம்ப மாட்டேங்குறாங்க. நிஜ மனுஷனோட முகம்னா எழுத வேண்டாம். உங்க முகத்தைப் பாத்தா யாருக்கும் மறுத்துப் பேச வராதுன்னு அவங்க டெஸ்ட் பண்ணிப் பாத்திருக்காங்க."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கேட்டாயா என்பதுபோல் மீசையைத் தடவிக்கொண்டார். நான், "எனக்கு வருமே" என்றேன்.

"ரெண்டு விதமா குடுக்கலாம்" என்றாள் ஷெரின். "குத்தகையா குடுத்தா வருஷா வருஷம் புதுப்பிக்கணும், காசு கொஞ்சம் கம்மி. கிரயமா குடுத்தா ஒரே தடவை, காசு அதிகம்."

குத்தகை என்ற சொல்லைக் கேட்டதும் இவருக்கு முகம் மாறிவிட்டது. இவருடைய அப்பா இருந்த கொஞ்ச நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, காலம் பூராவும் திருச்சிக் கோர்ட்டுக்கு நடந்தவர். குத்தகைதாரன் காலியும் பண்ணவில்லை, நெல்லும் அளக்கவில்லை. அந்தக் குடும்பத்தில் பிறந்த யாருக்கும் அந்த வார்த்தை ஆகாது.

"குத்தகைன்னாலே வில்லங்கம். குடுத்தா சுத்தக் கிரயம்தான்" என்றார்.

"யாரு வாங்குறாங்கன்னு கேளுங்க" என்றேன்.

"அதைச் சொல்லக் கூடாது ஆன்ட்டி. மக்களுக்குச் சேவை பண்ற கம்பெனி, அது மட்டும் தெரியும். அங்கிள், நீங்க உயிரோட இருக்கிற வரைக்கும் உங்க கார்டு, வீடியோ கால், வீட்டுல எடுக்கிற படம், எதுக்கும் தடையில்ல. வெளியில விக்கிறது மட்டும் கூடாது."

"ஆயுள் அனுபவம்! எங்க அத்தை இப்படித்தான் வித்த வீட்டுலயே கடைசி வரைக்கும் இருந்துச்சு" என்றார் இவர், ஏதோ தானே சட்டம் எழுதியவர் மாதிரி. "செத்தப்புறம்?"

"அதுக்கப்புறம் முழுசா அவங்களுக்கு, அங்கிள்."

"செத்தப்புறம் எனக்கு மூஞ்சி எதுக்கும்மா?" என்று சிரித்தார். இவர் கொள்கைக்கு அது சரியான பதில்தான். விரலை வைத்தார்.

அன்றைக்கு அவர் இருந்த இருப்பைப் பார்த்திருக்க வேண்டும். "மறுபிறவி இல்லைன்னு மேடை மேடையா பேசுறேன், கடைசியில எனக்கே வந்துடுச்சு பாரு" என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். "ஆஸ்பத்திரியில வைப்பான்னு நினைக்கிறேன். பயந்துபோய் வர்ற ஜனங்களுக்கு நான் தைரியம் சொல்லுவேன்." வந்த பணத்தில் மாடியில் ஒரு போர்ஷன் கட்டினோம். என் படத் தொழில் அத்தோடு நின்றது. வெளியில் விற்க முடியாத முகத்தை எதற்கு எடுப்பது என்று நானும் போனைத் தூக்கி வைத்துவிட்டேன்.

விற்ற வயலைக்கூட வரப்பில் நின்று பார்க்கலாம். யாரும் கண்ணைப் பொத்த மாட்டார்கள். இவரும் அப்படித்தான் நினைத்திருப்பார், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

*

மறுநாள் நன்முல்லை அந்தத் தளத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். ஷெரின் இப்போது அங்கே இல்லையாம். வேறொரு பையன் பேசினான், ரொம்ப மரியாதையாக.

"உங்க துயரத்துல பங்கெடுத்துக்கிறோம் மேடம். ஆனா உரிமை எங்ககிட்ட இல்ல. நற்கதி கம்பெனிகிட்ட இருக்கு."

"நற்கதின்னா?"

"ஆன்லைன்ல திதி, தர்ப்பணம், கருமாதி எல்லாம் பண்ணிவைக்கிற சேவை மேடம். வெளிநாட்டுல இருக்கிறவங்க, ஆள் கிடைக்காதவங்க, நிறையப் பேர் எடுக்கிறாங்க. சாரோட முகம்தான் அதுல சடங்கு நடத்தி வைக்கிற பெரியவர். திருநீறு, ருத்ராட்சம் எல்லாம் போட்டு ரொம்ப லட்சணமா இருப்பார்."

நன்முல்லை என்னைப் பார்த்தாள். அவள் வாய் கோணிக்கொண்டு போனது. சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். நான் சுவரில் இவருடைய கறுப்புச் சட்டை தொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை இன்னும் துவைக்கவில்லை என்பது ஞாபகம் வந்தது.

"ஒரே ஒரு படம் தர முடியாதா? படத்திறப்புக்கு" என்றேன் நான்.

"சேவை எடுக்கிறவங்களுக்கு மட்டும்தான் முகம் தெரியும் மேடம். விளம்பரத்துல கூட கை மட்டும்தான் காட்டுவாங்க. சடங்கு முடிஞ்சதும் திரை அணைஞ்சிடும்." கொஞ்சம் தயங்கினான். "வித்தவங்க குடும்பத்துக்கு முதல் திதியில சலுகை இருக்கு. வேணும்னா பதிஞ்சு தரட்டுமா?"

நன்முல்லை போனை வைத்துவிட்டாள்.

வேறு வழி தேடாமல் இல்லை. கல்யாண ஆல்பத்தைக் கரையான் எப்போதோ தின்றுவிட்டது, அதற்கு முன்பே போனில் ஏற்றியாயிற்று என்று நாங்களும் கவலைப்படவில்லை. கார்டு எல்லாம் இப்போது போனுக்குள்தான். காகிதத்தில் முகம் வைத்துக்கொள்கிற பழக்கம் யாருக்கு இருக்கிறது? கையால் வரைவதற்குத் தடையில்லை என்று ஆரோக்கியராஜ் சொன்னான். மேடைக்குப் பின்னால் தலைவர் படம் வரைகிற ஒருவரை அழைத்து வந்தான். அந்த மனிதர் இவரைப் பார்த்ததில்லை. மீசை எப்படி, நெற்றி எப்படி என்று கேட்டுக் கேட்டு வரைந்தார். நான் சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மூக்கு நீளமா? நீளம்தான். எவ்வளவு நீளம்? எத்தனையோ வருடம் பார்த்த மூக்கு, கடைசியில் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வரைந்து முடித்ததும் மூன்று பேரும் எட்ட நின்று பார்த்தோம். ஏதோ ஒரு கட்சியின் மாவட்டச் செயலாளர் மாதிரி இருந்தார்.

சனிக்கிழமை நன்முல்லை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, நற்கதியிலேயே ஒண்ணு பதிஞ்சிடுறேன். கூடத்துல பெரிய திரை வச்சு அதுக்கு மேல துணியைப் போடுவோம். அய்யா துணிய இழுக்கிறப்ப அப்பா முகம் வரும். சத்தத்தை அடைச்சிடலாம்."

"திருநீறோட?"

"மூஞ்சி அப்பாதானேம்மா. நான் பாக்கணும்மா. எனக்கு அப்பா முகம் வேணும்."

அவள் கேட்டதில் தப்பில்லை. எனக்குந்தான் வேண்டும். ஆனால் அந்தக் கூடத்தில் யாரெல்லாம் வருவார்கள் என்று எனக்குத் தெரியும். பொங்கலுக்குக்கூட நெற்றியில் ஒன்றும் வைக்காத மனுஷன். நான் சமையலறையில் மாட்டியிருக்கிற முருகன் காலண்டரை "உன் கட்சி" என்று கூப்பிடுவார், ஆனால் ஒருநாளும் கழற்றச் சொன்னதில்லை. அவர் கட்சியை நான் மட்டும் கழற்றலாமா?

"வேணாம். செத்தது போதும், அவரை ஊர் நடுவுல தோக்கவும் விட வேணாம்" என்றேன்.

"அப்ப துணிக்கு அடியில என்னத்த வைக்கிறது?"

"ஆரோக்கியராஜ் கொண்டுவந்தானே, அதுக்கே மரச்சட்டம் போடச் சொல்லு."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "உனக்கு ஒண்ணுமே இல்லையாம்மா? கல்லா நீ?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள்.

*

கூடம் நிறைந்திருந்தது. மின்வாரியத்து ஆட்கள், கறுப்புச் சட்டைக்காரர்கள், எங்கள் தெரு. மாவளவனை இரண்டு பேர் பிடித்து மேடையேற்றினார்கள். துணியை இழுத்தார்.

சட்டை, பேனா, செம்பருத்தி. நடுவில் சாம்பல். தெரிந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள், தெரியாதவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பின்வரிசையில் யாரோ, "படம் மாறிப்போச்சா?" என்று கேட்டது முன்வரிசை வரைக்கும் கேட்டது.

மாவளவன் சட்டத்துக்கு வெகு பக்கத்தில் போனார். கண்ணைச் சுருக்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்படியே இருக்கான்யா" என்றார்.

புரை விழுந்த கண்ணுக்கு அப்படித் தெரிந்ததா, தெரிந்தே சொன்னாரா, எனக்குத் தெரியாது. மாலையைப் போட்டுவிட்டு, செங்குட்டுவன் எப்படிப்பட்டவன் என்று பேச ஆரம்பித்தார். நன்றாகத்தான் பேசினார். நன்முல்லை முதல் வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். நான் பக்கோடா எல்லோருக்கும் வந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவள் பெங்களூருக்குக் கிளம்பினாள். ஆட்டோவில் ஏறும்போது கட்டிப்பிடித்துக்கொண்டாள். "கல்லுன்னு சொன்னதுக்கு மன்னிச்சுக்கோம்மா" என்றாள். "பரவால்ல, போய்ட்டு மெசேஜ் போடு" என்றேன்.

*

அதற்கப்புறம் எனக்கு ஒரு கோளாறு ஆரம்பித்தது. கண்ணை மூடினால் இவர் முகம் வரவில்லை.

முதலில் தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். பூ கட்டும்போது, பஸ்ஸில் போகும்போது, வேண்டுமென்றே மூடிப் பார்த்தேன். சட்டை வருகிறது. பேனா வருகிறது. செம்பருத்தி இலைகூட வருகிறது. மேலே அந்தச் சாம்பல்தான் வருகிறது. போனையும் சட்டத்தையும் பார்த்துப் பார்த்து மனசும் அந்தப் பதிவேட்டுச் சட்டத்தைப் படித்துக்கொண்டது போலிருக்கிறது. இதை யாரிடம் சொல்வது? சொன்னால் டாக்டரிடம் கூட்டிப் போவார்கள்.

ஒருநாள் காலையில் சமையலை முடித்துவிட்டு, வாசல் கதவைத் தாழிட்டேன். டிவிக்கு முன்னால் பாயைப் போட்டு உட்கார்ந்தேன். நற்கதியில் பதிந்தேன். எள், தண்ணீர், ஒரு தட்டு எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னது. எடுத்து வைத்துக்கொண்டேன். முருகன் காலண்டரை ஒரு தடவை பார்த்தேன். இது உனக்காக இல்லை என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன்.

வந்துவிட்டார்.

நெற்றி நிறையத் திருநீறு. கழுத்தில் கொட்டை. வெள்ளை வேட்டி, யாருடையதோ தோள். முகம் மட்டும் இவர். இடது புருவம் ஏறியிருந்தது. உதட்டில் அந்தச் சிரிப்பு நின்றது. நான் குழாயைத் தூக்கிப் பிடித்த அன்றைக்கு இருந்த அதே முகம், காதில் தண்ணீர் போன முகம். மூக்கு நீளம்தான். நான் சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன்.

"வணக்கம்மா" என்றார். குரல் இவருடையதில்லை. தேன் மாதிரி ஒரு குரல். "யாருக்காகச் செய்றோம்? என்ன உறவு?"

"வீட்டுக்காரரு" என்றேன்.

"அவர் பேரைச் சொல்லுங்கம்மா."

நான் திரையைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்த்தார். புருவம் அப்படியே இருந்தது, சொல்லேன் பார்ப்போம் என்கிற மாதிரி. பக்கத்தில் நர்ஸ் யாரும் இல்லை. வாசல் கதவு தாழிட்டிருந்தது.

"செங்குட்டுவன்" என்றேன்.

வாய்க்குப் பழக்கமில்லாததால் திக்கியது.

"சரிங்கம்மா. கோத்திரம் தெரியுமா? தெரியலைன்னா பரவாயில்ல, சிவ கோத்திரம்னு வச்சுக்கலாம்" என்றார் இவர். இவரிடம் நேரில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் வீட்டைவிட்டுத் துரத்தியிருப்பார். எனக்கு நெஞ்சுக்குள் எங்கேயோ ஒன்று நகர்ந்தது. சிரிப்பா, வேறு ஏதாவதா, தெரியவில்லை.

"செங்குட்டுவன்" என்றேன் மறுபடியும்.

"கேட்டுக்கிட்டேம்மா. இப்ப கையில எள்ளை எடுத்துக்கோங்க. கண்ணை மூடிக்கிட்டு, அவரோட முகத்தை மனசுக்குள்ள நல்லாக் கொண்டுவாங்க. நீங்க மூடினதும் நான் ஆரம்பிக்கிறேன். தண்ணி விட்டா முடிஞ்சுது."

எள்ளை எடுத்துக்கொண்டேன். கண்ணை மூடவில்லை.

டிவியின் மேலே இருக்கிற கேமரா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கண்ணை மூடிக்கோங்கம்மா. அவசரமில்ல."

எனக்கும் அவசரமில்லை. மூடினால் சாம்பல்தான் வரும். மூடினால் சடங்கு ஆரம்பிக்கும், ஆரம்பித்தால் முடியும், முடிந்தால் திரை அணைந்துவிடும். நான் மூடாத வரைக்கும் இவர் எங்கேயும் போக முடியாது.

"அவரோட முகத்தை நினைச்சுக்கிட்டு, மெதுவா மூடுங்கம்மா" என்றார் இவர், கொஞ்சமும் கோபப்படாமல். வாழ்க்கையில் இவ்வளவு பொறுமையாக இவர் என்னிடம் பேசியதேயில்லை.

"மாட்டேன் போங்க" என்றேன்.

அப்போதுதான் வந்தது. எங்கிருந்து வந்ததோ, இத்தனை நாள் எங்கே கிடந்ததோ, கண்ணில் தண்ணீர் முட்டி, புருவமும் மீசையும் திருநீறும் ஒன்றாகக் கலங்கி மங்கின. முந்தானையை எடுத்தேன். வலது கண்ணைத் துடைக்கும்போது இடது கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டேன். இடது கண்ணைத் துடைக்கும்போது வலது கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டேன்.